பாலத்தில் மாறிய அட்டை

அத்தியாயம் 6

"பாத்ரூம்," என்றார் இரண்டாம் படுக்கைக்காரர். "அன்னிக்கு மத்தியானம் பூரா படுக்கைக்கும் பாத்ரூமுக்கும் நடையா நடந்தேன். போலீஸ் வந்துச்சு, பெரிய டாக்டர் வந்தாரு. ஒருத்தரும் அதைக் கேக்கல."

குண்டூசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்தி முறைத்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

சித்தி அவனுக்கு உறவு முறையிலேயே சித்தி, அம்மாவின் தங்கை. தொழிலில் துப்பறிவாளர். வாடிக்கையாளர்களும் அவளைச் சித்தி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டதால் சொந்தப் பெயர் அவளுக்கே மறந்திருக்கும் என்பான் குண்டூசி. அவனுக்குக் குண்டூசி என்ற பட்டம் வந்தது உடம்பு ஒல்லி, வாய் கூர்மை என்பதால். செல்போன் கடையில் வேலை பார்த்தபோது, உடைந்த போனோடு வந்தவரிடம் "சுத்தியலாலயா பேசினீங்க?" என்று கேட்டு வேலையைத் தொலைத்தவன். வேறு யாரும் சேர்த்துக்கொள்ளாததால் சித்தியிடம் வந்து ஒட்டிக்கொண்டான்.

"ஏன் அவ்வளவு நடை?" என்று சித்தி கேட்டாள்.

"எனக்கு ஏத்துறது வெறும் உப்புத் தண்ணிம்மா. ராத்திரி வரைக்கும் சொட்டுச் சொட்டா இறங்கவேண்டிய பாட்டில். அன்னிக்கு மடமடன்னு காலி. உள்ள போனது வெளிய வந்துதானே ஆகணும்?"

"நர்ஸ்கிட்ட சொல்லலையா?"

"சொல்லத்தான் கூப்பிட்டேன். அதே நேரம் அந்த வேன் டிரைவருக்கு மூச்சு நின்னுபோச்சுன்னு எல்லாரும் அந்தப் பக்கம் ஓடுறாங்க. ஒருத்தன் உயிருக்குப் போராடும்போது நான் என் மூத்திரக் கதையைச் சொல்லிட்டு இருக்க முடியுமா?"

சித்தி அவருடைய படுக்கை ஓரத்தில் நின்ற பம்பைப் பார்த்தாள். மருந்தை அளவோடு நரம்பில் ஏற்றும் கருவி. பச்சை விளக்கு சாதுவாக எரிந்துகொண்டிருந்தது. டிரைவருக்கு மாட்டியிருந்ததும் இதே மாதிரிப் பம்ப்தான். அதை இன்ஸ்பெக்டர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வழக்கு இவ்வளவுதான். பள்ளி வேன் ஓட்டும் ஒருவருக்குக் காலில் ஆபரேஷன். வலி தெரியாமல் இருக்கப் பம்ப் வழியாக மருந்து. போன வியாழக்கிழமை பிற்பகல் அந்த மருந்து திடீரென்று பல மடங்கு ஏறிவிட்டது. இன்றுவரை அவர் கண் திறக்கவில்லை. பம்பின் நினைவகத்தைப் பார்த்தால், 'அளவு கூட்டப்பட்டது, பேனல் வழியாக, நர்ஸ் அட்டை' என்று பளிச்சென்று இருக்கிறது. அந்த அட்டைக்குச் சொந்தக்காரி வார்டின் மறுகோடியில் இருந்ததாகச் சத்தியம் செய்கிறாள். பார்த்தவர் யாருமில்லை. கவனக்குறைவு என்று ஒப்புக்கொண்டு இன்று மாலைக்குள் கையெழுத்துப் போட்டால் தண்டனை குறையும், இல்லையென்றால் கைது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார்.

அதைவிட மோசம், அந்தப் பெண்ணே ஆட்டம் கண்டுவிட்டாள். காலையில் பார்த்தபோது, "ஒருவேளை நான்தான் மாத்தி அமுக்கிட்டேனோ என்னமோ," என்று தன் விரல்களைப் பார்த்தபடி சொன்னாள். செய்யாத தப்பை ஒருத்தி கொஞ்சம் கொஞ்சமாகத் தன் தலையில் ஏற்றிக்கொள்வதைப் பார்க்கக் குண்டூசிக்குச் சகிக்கவில்லை. அவளை வைத்து ஒரு கிண்டல்கூட அவனுக்கு வரவில்லை.

இவர்களை அமர்த்தியது அவளுடைய அண்ணன். அந்தப் பம்புக்குள் இருக்கும் சிப்பை வடிவமைத்தவர் அவர்தான். அவர் சொல்லித்தான் தங்கையின் வார்டில் புதுப் பம்புகள் நான்கைப் பரிசோதனைக்கு வைத்தார்கள். அந்த வியாழக்கிழமை நோயாளிகளுக்கு ஓடியவை இரண்டுதான். பம்பில் பழுதில்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டதால் மிச்சம் மூன்றும் இப்போது நோயாளிகளுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

வராந்தாவுக்கு வந்ததும் சித்தி நின்றாள். "கவனக்குறைவா ஒரு பட்டனை அமுக்கலாம். ரெண்டு படுக்கையில, ஒரே நேரத்துல, கவனக்குறைவா அமுக்க முடியுமாடா?"

"ரெண்டு படுக்கைக்கும் நடுவுல எட்டடி இருக்கு. கை ரொம்ப நீளமா இருக்கணும்."

"அப்போ அமுக்கினது அவ இல்ல."

"இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிடலாமே சித்தி."

"என்னன்னு சொல்வ? சாட்சி மூத்திரம்னா? உள்ளே தள்ளிடுவாரு. ரெண்டு பம்பையும் ஒரே நேரத்துல தொட்டது யாருன்னு தெரியணும். பம்ப் பிறந்த வீட்டுக்குப் போவோம்."

தீவிர சிகிச்சைப் பிரிவைத் தாண்டும்போது டிரைவரின் மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் அவருடைய செருப்பு. "தம்பி, அந்த நர்ஸ் பொண்ணு நல்லவ. அவ செஞ்சிருப்பான்னு எனக்குத் தோணல," என்றாள். "யாருன்னு தெரிஞ்சா மறைக்காம எங்கிட்ட சொல்லுங்க." குண்டூசி தலையாட்டிவிட்டு வேகமாக நடந்தான். அந்தச் செருப்பை அவன் பார்த்திருக்கக் கூடாது.

கம்பெனிக்கு இரண்டு கட்டடம். பழையது ஒன்று, பக்கத்தில் வாங்கிச் சேர்த்த புதியது ஒன்று. இரண்டையும் மூன்றாம் மாடியில் ஒரு கண்ணாடிப் பாலம் இணைத்தது. பழைய கட்டடத்து வாசலில் ஆளுக்கொரு சிவப்பு அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். 'பார்வையாளர், தனியாகச் செல்லக் கூடாது' என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது.

பாலத்தின் நடுவே ஒரு காவலர். சிவப்பு அட்டைகளை வாங்கி மேஜைக்குள் போட்டுவிட்டு, நீல அட்டை இரண்டை நீட்டினார்.

"எதுக்குங்க இது?" என்றான் குண்டூசி.

"அந்தக் கட்டடத்துக் கதவுங்களுக்குச் சிவப்பு புரியாது சார். நீலம்தான் தெரியும். அதனால எங்க செக்யூரிட்டி அட்டையையே குடுத்து அனுப்பிடுவோம். திரும்பும்போது குடுத்துடுங்க."

குண்டூசிக்கு அப்போதைக்குத் தேவை கழிப்பறை. இரண்டாம் படுக்கைக்காரரின் கதையைக் கேட்டதிலிருந்தே அவனுக்கு முட்டிக்கொண்டு வந்தது. சித்தியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு முதலில் தென்பட்ட கதவில் நீல அட்டையைக் காட்டினான். கதவு திறந்தது. உள்ளே கழிப்பறை இல்லை. மேஜை மேஜையாகத் திறந்து கிடந்த பம்புகள், கம்பிகள், கண்ணாடி போட்ட நாலைந்து பேர். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. வெளியே வரும்போதுதான் கதவின் சின்னத் திரையைக் கவனித்தான். 'வணக்கம், பாதுகாப்பு அதிகாரி' என்றது.

"எனக்குப் பதவி உயர்வு சித்தி," என்று திரும்பி வந்து சொன்னான். "கதவே சல்யூட் அடிக்குது."

அவன் சொன்னதைக் கேட்டு சித்தி சிரிக்கவில்லை. பாலத்தையும் காவலரையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீ அந்த ரூம்ல இருந்து ஒரு பம்பைத் தூக்கிட்டு வந்திருந்தா, யாரைப் பிடிப்பாங்க?"

"கதவு அந்தக் காவலர் பேர்லதானே எழுதியிருக்கு. பாவம், அவரைத்தான்."

"அவரு எங்க உக்காந்திருந்தாலும்?"

"எங்க உக்காந்திருந்தாலும்." சொல்லி முடித்த பிறகுதான் குண்டூசிக்குச் சுரீரென்றது. வார்டின் மறுகோடியில் நின்றிருந்த ஒருத்தி நினைவுக்கு வந்தாள்.

அண்ணனின் அறையில் நாற்காலிகூடக் காகிதங்களுக்கு அடியில் இருந்தது. முகச்சவரம் செய்து நாலைந்து நாள் ஆன முகம். "ஏதாவது கிடைச்சுதா? வார்டுல அவமேல பொறாமைப்பட்டவங்க யாராவது?" என்று ஆரம்பித்தார்.

"அதை விடுங்க தம்பி," என்றாள் சித்தி. "அந்த சிப்புக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க. மருந்து அளவை யாரு மாத்தலாம்?"

அவர் பலகையில் கட்டம் போட்டார். தொழிலைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. "ஒரு சிப்புக்குள்ள பல பாகம். இது பேனல், நர்ஸ் கை வைக்கிற இடம். இது ரேடியோ, வெளி உலகத்தோட பேசுற இடம். இது டோஸ் பாகம், மோட்டாரை ஓட்டுறது. பாகத்துக்குப் பாகம் பாதை இருக்கு. பாதையில போற ஒவ்வொரு கட்டளையும் தான் எங்கிருந்து வருதுன்னு ஒரு அடையாள எண்ணைக் கழுத்துல மாட்டிட்டுத்தான் போகணும். டோஸ் பாகம் அந்த எண்ணைப் பார்க்கும். பேனல் எண்ணா இருந்தா கேக்கும். ரேடியோ எண்ணா இருந்தா விரட்டிடும். பேனல்ல கடைசியா அட்டை காட்டினது யாரோ, அவங்க பேரு பதிவாகும்."

"ரேடியோ ஏன் தனியா ஒரு ஓரமா இருக்கு?"

"அந்தப் பாதியை வெளியில வாங்கினோம். அதோட எண் முறை வேற, எங்க முறை வேற. அதனால நடுவுல ஒரு பாலம்."

"இந்தக் கட்டடம் மாதிரி," என்றாள் சித்தி மெதுவாக. "ரேடியோ பக்கத்துல இருந்து ஒரு கட்டளை பாலத்துக்கு வருது. அதோட எண் இந்தப் பக்கம் புரியாது. உங்க பாலம் என்ன பண்ணும் தம்பி? திருப்பி அனுப்புமா, தன் அட்டையைக் கழட்டிக் குடுக்குமா?"

"திருப்பி அனுப்பும். அப்படித்தான் போட்டிருக்கேன். டெமோ பம்புல மட்டும்..." என்று ஆரம்பித்த அண்ணன் வாயை மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு விற்பனை மேலாளர் நுழைந்தார். பல்வரிசைக்குத் தனியாகச் சம்பளம் வாங்குகிறவர் போலச் சிரித்தார். "துப்பறியும் அம்மா வந்திருக்கீங்கன்னு சொன்னாங்க. எங்க பம்பை ஓட விட்டுப் பாருங்க, அப்புறம் சந்தேகமே வராது. சாயங்காலம் விருந்தாளிங்க வேற வர்றாங்க, எனக்கும் ஒத்திகை ஆச்சு."

சித்தி எழுந்தாள். அண்ணனும் பின்னாலேயே வந்தார், தூக்கத்தில் நடப்பவர்போல.

டெமோ அறை படு ஜோர். நடுவில் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பச்சை விளக்கோடு ஒரு பம்ப், கீழே நீல நிறத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும் ஜாடி. மேலாளர் தன் போனை எடுத்தார்.

"பாருங்க, நான் பம்பைத் தொடவே இல்ல. இங்க இருந்தபடியே அளவைக் கூட்டுறேன். தண்ணி எப்படிக் கொட்டுதுன்னு மட்டும் பாருங்க. நாளைக்கு இதைத்தான் எல்லா ஆஸ்பத்திரியும் கேக்கப்போகுது."

"ஒரு நிமிஷம்," என்றாள் சித்தி. "போன வியாழக்கிழமை மத்தியானமும் விருந்தாளிங்க வந்தாங்களா?"

"வந்தாங்களே. கை தட்டினாங்க."

"இந்தக் கட்டளை இந்த ஒரு பம்புக்கு மட்டும்தான் போகுமா?"

"பரிசோதனையில இருக்கிற எல்லாப் பம்புக்கும் போகும். இதுவும் அந்தக் கூட்டத்துல ஒண்ணுதான். ஆனா வார்டுல இருக்கிறது ஏத்துக்காதுங்க. அதையெல்லாம் பூட்டி வெச்சிருக்கேன்னு இவர்தான் சொன்னாரு." அண்ணனைக் காட்டிவிட்டு, மேலாளர் கட்டைவிரலைத் திரையை நோக்கி இறக்கினார்.

சித்தி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். சித்தி இவ்வளவு வேகமாக நகர்ந்து குண்டூசி பார்த்ததே இல்லை. மேலாளரின் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"போனை மேஜை மேல வைங்க. மெதுவா," என்றாள். "டேய், அதை நீ வெச்சுக்க. யாரும் தொடக் கூடாது."

குண்டூசி போனை வாங்கினான். ஒரு பட்டன். இங்கே விருந்தாளிகள் கை தட்டியபோது அங்கே ஒரு மனிதனுக்கு மூச்சு நின்றிருக்கிறது. குற்றவாளியைத் தேடி வந்தால் இப்படிப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஓர் அப்பாவி கிடைப்பான் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. கோபம் வந்தது, கோபப்பட ஆள் இல்லை.

"தம்பி," என்று சித்தி அண்ணன் பக்கம் திரும்பினாள். "வார்டுப் பம்புங்களோட பாலம் பூட்டியிருக்கான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். திரையின் வெளிச்சத்தில் முகம் வெளுத்துக்கொண்டே போவதைக் குண்டூசி பார்த்துக்கொண்டிருந்தான்.

"டெமோவுக்கு அவசரம்னு நின்னாங்க," என்றார் கடைசியில். "ரேடியோ சொன்னா டோஸ் பாகம் கேக்கவே மாட்டேன்னுது. அப்படித்தானே நானே கட்டினேன். அதனால டெமோ பம்புல மட்டும், பாலம் எதை வாங்கினாலும் பேனலோட எண்ணை மாட்டி அனுப்புற மாதிரி மாத்தினேன். வார்டுக்குன்னு பூட்டின அமைப்பு தனியா வெச்சிருந்தேன். அது இங்கேயே கிடக்கு. நான் ஏத்தி அனுப்பினது டெமோவோடது. நாலு பம்புலயும்."

"பழுது இருக்கான்னு சோதிச்சப்போ தெரியலையா?" மேலாளர் நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"பழுது எங்க இருக்கு? எல்லாம் சொன்னபடிதான் வேலை செஞ்சுது. கட்டளை பேனல் எண்ணோட வந்துச்சு, டோஸ் பாகம் பேனல்னு நம்பிடுச்சு. பேனல்ல கடைசியா அட்டை காட்டினது..." அவர் லேப்டாப்பை மூடினார்.

தங்கையை மாட்டிவிட்டவனைக் கண்டுபிடியுங்கள் என்று முன்பணம் கொடுத்துவிட்டுப் போன மனிதர். அன்று அவர் போனதும், நல்ல அண்ணன் என்று குண்டூசி சொன்னான். இப்போதும் அதை மாற்றிக்கொள்ள அவனுக்கு மனமில்லை. அதனாலேயே அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நீலத் தண்ணீரைப் பார்த்தான்.

"அம்மா," என்றார் அண்ணன் சித்தியிடம். "பம்புல கோளாறுன்னு மட்டும் சொல்லிட்டா போதாதா? அவ தப்பிச்சிடுவா. யாரு, எப்படிங்கிறது..."

"கோளாறு இல்லைன்னு உங்க கம்பெனி எழுதிக் குடுத்திருக்கு. நான் வாயால கோளாறுன்னு சொன்னா யாரு நம்புவா? எந்த இடத்துல, எப்படி, யாரு திறந்ததுன்னு சொன்னாத்தான் நம்புவாங்க. அதைச் சொல்லத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான்." சித்தியின் குரலில் கடுமை இல்லை. "போன் பண்ணுங்க. சாயங்காலம் ஆகப்போகுது."

அவர் போனை ஒலிபெருக்கியில் போட்டார். வேண்டுமென்று போட்டாரா, கை தவறிப் பட்டதா என்று தெரியவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தது தங்கைதான்.

"பாப்பா, கையெழுத்துப் போட்டுட்டியா?"

"பேனா கையில இருக்கு அண்ணா. வார்டு ஆபீஸ் ரூம்ல, இன்ஸ்பெக்டர் எதிர்ல உக்காந்திருக்காரு." குரலில் அழுகைகூட இல்லை, அவ்வளவு களைப்பு. "விட்டுடு அண்ணா. நான்தான் அமுக்கியிருப்பேன். யோசிச்சு யோசிச்சு இப்ப எனக்கே அமுக்கின மாதிரி ஞாபகம் வருது."

"நீ அமுக்கல. நான் சொல்றதைக் கேளு. நீ பம்ப் பக்கமே போகல. வெளியில இருந்து ரேடியோ வழியா வந்த கட்டளை அது. பம்ப் அதை உன் பேர்ல எழுதிக்கிச்சு."

அழுவாள் என்று குண்டூசி நினைத்தான், அல்லது கடவுளே என்பாள், அல்லது யார் அனுப்பியது என்று கேட்பாள்.

"அப்போ மத்த மூணு பம்பும்?" என்றாள் அவள். குரல் அடியோடு மாறியிருந்தது.

"அதுவும் கேக்கும் பாப்பா. யாரு அனுப்பினாலும் கேக்கும்."

"அஞ்சாம் படுக்கையில இப்பதான் ஹார்ட் மருந்தை ஏத்தியிருக்காங்க."

போன் எதன்மீதோ விழுந்தது. நாற்காலி சாய்ந்தது. ஓடும் காலடிகள் கேட்டன. "ஏம்மா, எங்க ஓடுறீங்க, நில்லுங்க" என்று ஒரு கனத்த குரல். தூரத்தில் அவள் யாரையோ பார்த்து, "கையால கட் பண்ணுங்க, மூணையும் கழட்டுங்க" என்று கத்துவது தேய்ந்துகொண்டே போனது. பிறகு யாரோ போனைக் கையில் எடுத்தார்கள்.

"ஹலோ. யார் பேசுறது?"

அண்ணனின் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தது. வைத்துவிடலாம். அவள் பிழைத்துக்கொள்வாள் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு வைத்துவிடலாம். குண்டூசி அதைத் தடுக்கக் கை நீட்டப் போனான், சித்தி அவன் தோளில் கை வைத்து நிறுத்தினாள்.

"அந்த நர்ஸோட அண்ணன் பேசுறேன் சார்," என்றார் அவர். "அவளைத் தடுக்காதீங்க, ஓட விடுங்க. டிரைவருக்கு மருந்து கூடினது நான் திறந்து வெச்ச வழியில. அவகிட்ட கையெழுத்து வாங்காதீங்க. நான் அங்க வர்றேன், நானே எழுதித் தர்றேன்."

"நீங்களா? பேரைச் சொல்லுங்க, முதல்ல அதைக் குறிச்சுக்கிறேன்."

அவர் பெயரைச் சொன்னார். அங்கே வார்டில் இரைச்சல், இன்ஸ்பெக்டருக்குச் சரியாகக் காதில் விழவில்லை. அண்ணன் எழுந்து நின்று, இன்னொரு முறை, எழுத்தெழுத்தாகச் சொன்னார்.